ஆயாக்கொட்டகையின் வாசலில்

சுண்ணாம்புக் குன்றுகளின் இடையில் பனி இன்னும் அவிழாத காலைப் பொழுதில், சன்னாசி தம் மனைவி ராக்காயியின் கையைப் பற்றியபடி அந்த இல்லத்தின் முன் வந்து நின்றார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்காம் ஆண்டின் தை மாதம். ஈப்போவின் எல்லையில், ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாயிருந்து பின்னர்த் துண்டுபட்ட நிலம் அது. பழைய துரை பங்களாவை வாங்கி, நினைவு தளர்ந்த முதியோருக்கான இல்லமாக்கியிருந்தார் ஓய்வுபெற்ற தாதி செல்லாச்சி. கொல்லையில் வெட்டப்படாமல் எஞ்சிய பால்மரங்கள் சில, இடையிடையே மறந்துபோன பதிகத்தின் அடிகளைப் போலத் தனித்தனியே நின்றன.

சன்னாசி ஜெலாப்பாங் தொழிற்சாலை ஒன்றில் பகல்நேரக் காவலர். அன்று அவருக்கு அரைநாள் விடுப்பு. இருவரும் உழைத்த தோட்டம் விற்கப்பட்டு ஆறாண்டுகள் ஆகியும், ராக்காயியின் நெஞ்சம் மட்டும் அங்கிருந்து குடிபெயர மறுத்தது. சென்ற வாரம் அவர் வேலைக்குப் போயிருந்தபோது, அவள் அடுக்களைக் கத்தியோடு லாரிகள் விரையும் சாலைக்குச் சென்று, விளக்குக் கம்பமொன்றைப் பால்மரமென எண்ணிச் சீவிக்கொண்டு நின்றிருந்தாள். அழைத்துவந்த அண்டை வீட்டார் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அந்த ஊர்ப் பெயரைத் தம் மனைவியின் பெயரோடு சேர்த்துக் கேட்ட சன்னாசியால் அன்று உண்ண இயலவில்லை. சித்தியவானில் இருந்த மகளுக்கோ இரண்டே அறைகள், ஐந்து பிள்ளைகள். எஞ்சியது இந்த இல்லம் ஒன்றே. இன்று பார்த்து, மனம் ஒப்பினால் இன்றே அவளை இங்கு விட்டுச் செல்ல வேண்டும்.

செல்லாச்சி எல்லாவற்றையும் பொறுமையாகச் சுற்றிக்காட்டினார். துவைத்த விரிப்புகள், கம்பியிட்ட சாளரங்கள், வியாழன்தோறும் வரும் மருத்துவர், மாலை விளக்கு ஏற்றும் பூசையறை. எதிலும் குறை தோன்றவில்லை. ஆயினும், புதிய கோயிலுக்குள் நுழைந்தவன் எந்தச் சந்நிதியில் முதலில் கைகூப்புவது என்று அறியாமல் திகைப்பதுபோல, எதைப் பார்த்தால் உண்மை விளங்கும் என்று சன்னாசிக்குத் தெரியவில்லை. கதவுகளைத் தட்டிப் பார்த்தார். குழாயைத் திறந்து மூடினார். அவளைப் பெயர் சொல்லி அழைப்பீர்களா என்று கேட்க நினைத்து, கேளாமல் விட்டார்.

செல்லாச்சி அவரைச் சற்றே ஒதுக்கி அழைத்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "பிடிச்சிருந்தால் அவவைக் கதிரையிலை இருத்திப்போட்டு, நீங்கள் பின்பக்கத்தாலை போங்கோ. சொல்லிப்போட்டுப் போனால் அழுவா. சொல்லாமல் போனால் கொஞ்ச நேரத்திலை மறந்திடுவா."

அக்குரலில் இரக்கமே இருந்தது. சன்னாசி தலையசைத்தார்.

அவர்கள் திரும்பியபோது ராக்காயி நின்ற இடத்தில் இல்லை. வெளிக்கூடத்தில், நாற்காலியில் அமர்ந்திருந்த பாப்பா என்னும் மூதாட்டியின் முன் குனிந்திருந்தாள். பாப்பாவின் முகவாயை உயர்த்திக் கழுத்து மடிப்பில் விரலோட்டினாள்; காதின் பின்புறம் பார்த்தாள்; உச்சியை முகர்ந்தாள்; விரல்களைப் பிரித்து நகங்களை நோக்கினாள். பாப்பா மறுக்கவில்லை, கூசிச் சிரித்தாள்.

சன்னாசிக்குப் புரிந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு முன், ரப்பர்ப் பால்மணம் வீசும் உடையோடு பால்வெட்டிலிருந்து திரும்பி, தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவிடம் விட்டுச்சென்ற குழந்தையை ஆயாக்கொட்டகையில் வாங்கும்போதெல்லாம் அவள் இப்படித்தான் செய்வாள். தோட்டத்துத் தாய்மார் எவரும் கொட்டகையின் கூரையைப் பார்த்து அதன் தரத்தை அறிந்ததில்லை.

"இந்த ஆயாக்கொட்டாயி நல்லாருக்கு. கழுத்துல அழுக்கில்ல, நகமெல்லாம் வெட்டிருக்கு" என்றாள் ராக்காயி. "புள்ளைங்கதான் ரொம்ப வளந்துருச்சி."

"இது ஆயாக்கொட்டகை இல்லை, அம்மா. இல்லம்" என்றார் செல்லாச்சி, சிறிது மனம் சுருங்கி.

"எல்லா ஆயாவும் அப்படித்தான் பெருமையா சொல்லும்லா."

பாப்பா மீண்டும் சிரித்தாள். செல்லாச்சியும் சிரிப்பை அடக்க முயன்று தோற்றார்.

பிறகு ராக்காயி சன்னாசியின் கையைப் பிடித்து இழுத்துச் சென்று, பாப்பாவின் அருகிலிருந்த வெற்று நாற்காலியில் அவரை அமர்த்தினாள். சட்டையின் மேல் பொத்தானைப் பூட்டிவிட்டாள். "சமத்தா இரு. அம்மா வெட்டுக்குப் போயிட்டு வாரேன்" என்றாள். செல்லாச்சியை நோக்கி, தன் பிள்ளைக்குப் பசித்தால் கேட்கத் தெரியாது என்றும், பத்து மணிக்குப் பால் கொடுக்க வேண்டும் என்றும் பணித்தாள்.

அவள் உள்ளங்கை சன்னாசியின் நரைத்த தலையில் படிந்தது. அறுபத்தாறு வயதும் பனியில் கரைந்தன. கொல்லை மரங்களின் ஊடே ஒளி வெண்பாலென வழிந்து இறங்க, எந்தக் காலத்தின் காலை இது என்று அறியாமல் அவர் ஒரு கணம் குழந்தையாகவே அமர்ந்திருந்தார்.

"நான் தூங்குனப்புறம் சொல்லாமப் போயிருக்கலாமே?" என்று கேட்டார்.

"அது பாவம்லா. சொல்லாமப் போனா புள்ள நாள் முழுக்க வாசலையே பாத்துக்கிட்டுக் கெடக்கும். மூஞ்சியப் பாத்துச் சொல்லிட்டுத்தான் போவணும்."

சன்னாசி எழுந்தார். செல்லாச்சியிடம் சென்று, காலையில் கொண்டுவந்து விட்டு மாலையில் அழைத்துச் செல்ல இயலுமா என்று வினவினார். அப்படி ஒரு வழக்கம் அங்கு இல்லை என்றார் செல்லாச்சி. ஒவ்வொரு நாளுமா என்று வியந்தார். ஒவ்வொரு நாளும்தான் என்றார் சன்னாசி. தோட்டத்தில் எந்தப் பிள்ளையும் ஆயாக்கொட்டகையிலேயே தங்கிவிட்டதில்லை என்றார். செல்லாச்சி பாப்பாவையும் ராக்காயியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஒரு கிழமை பார்ப்பம்" என்று ஒரு வாரத்துக்கு இசைந்தார்.

சன்னாசி மனைவியின் முன் வந்து நின்றார்.

"ராக்காயி, இன்னிக்கு வேலைக்கு நான் போறேன். நீ இங்க இரு. ஆறு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்."

அவள் அவர் முகத்தில் எதையோ நெடுநேரம் தேடினாள். செல்லாச்சி முன்னரே சொன்னபடி அழுதாள்; அவர் சட்டையை இறுகப் பற்றிக்கொண்டு அழுதாள். சன்னாசி விலகவில்லை. அழுகை ஓயும்வரை அங்கேயே நின்றார்.

"மழ பேஞ்சா?" என்றாள் இறுதியில்.

"மழ பேஞ்சாலும் வாரேன்."

பற்றிய விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. சன்னாசி முன்வாசல் வழியே, அவள் கண் காணும்படி, மெல்ல நடந்து சென்றார்.