தராசில் வைத்த கை

கண்டி தொழில் நியாயமன்ற வாசலில் பரிமளம் பச்சைப் பட்டுச் சேலை உடுத்தி உட்கார்ந்திருந்தாள். தொழிற்சங்கத்தின் மாவட்டப் பிரதிநிதி கிருஷ்ணராஜ் வழியெல்லாம் கோத்து வைத்திருந்த பேச்சு, அவளைக் கண்டதும் ஒரே வரியாகச் சுருங்கியது.

“லோயருக்குச் சொகமில்லக்கா. இன்னைக்கு வர மாட்டாரு.”

அவள் நகர்ந்து வாங்குப் பலகையில் இடம் விட்டாள்.

“நேத்து அவரே போன்ல பேசினாரு தம்பி. மூணு வழக்குக்குச் சங்கம் காசு குடுக்கலயாம்.”

அவன் சங்கத்தில் சேர்ந்த காலத்தில் ஹந்தானைப் பக்கத்துத் தோட்டங்களில் மட்டும் நாலாயிரம் பேரின் சந்தா மாதாமாதம் சம்பளத்தில் வெட்டப்பட்டு வந்து சேர்ந்தது. சங்கக் கந்தோரில் ஐந்து எழுதுவினைஞர்கள், ஒரு ஜீப், மரண வீட்டுக்கு அன்றைக்கே பணம். பிறகு பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்குப் போனார்கள். தோட்டங்கள் தேயிலையை ஆளாளுக்குப் பிரித்துக் கொடுத்து, கொழுந்தைக் கிலோக் கணக்கில் வாங்கத் தொடங்கின. சம்பளச் சீட்டே இல்லாதவரிடம் சந்தாவை எதில் வெட்டுவது? முதலில் ஜீப் போனது. பிறகு தொலைபேசி, மாடியறை. இப்போது முந்நூற்றுச் சொச்சம் பேர். ஐந்து மாதமாக அவனுக்கே சம்பளமில்லை. மனைவி சுதர்சினி பேராதனையில் துப்புரவு வேலை செய்துதான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

“தோட்டத்துல ஆறு மாசச் சம்பளம் தர்றோம்ங்கிறாங்க. வேல திரும்பக் கெடைக்காது. லோயர் இல்லாம உள்ள போனா இதுவும் போயிரும்.”

பரிமளம் சேலை முந்தானையை மடியில் மடித்து வைத்தாள். கொழுந்து நிறுக்கும்போது ஆளுக்கு மூன்று கிலோ குறைத்து எழுதுவதை மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நிற்க, தராசைப் பிடித்து நிறுத்தியவள் அவள் ஒருத்திதான். அதற்காகத்தான் வேலையும் போனது.

“சங்கத்துல ஒண்ணுமில்லன்னு முன்னமே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் வாயே தொறந்திருக்க மாட்டேன் தம்பி. பின்னால நீங்கல்லாம் இருக்கீங்கன்னுதான் தராசுல கைய வச்சேன்.”

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் அவனால் தாங்கியிருக்க முடியும்.

பெயரைக் கூப்பிட்டார்கள். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. ஆறு மாதச் சம்பளத்துக்குச் சம்மதித்து அவள் கையொப்பமிட, அவன் கொடுத்த பேனை எழுதவில்லை. தோட்டத்துச் சட்டத்தரணி தன்னுடையதை நீட்டினார்.

வெளியே மழை. பஸ் நிலையம்வரை ஒரே குடையில் நடந்தார்கள்.

“இனிச் சந்தா வெட்ட மாட்டாங்கல்ல?”

“மாட்டாங்கக்கா.”

“அப்ப நான் சங்கத்துல இல்லியா?”

அவன் குடையை அவள் பக்கம் சாய்த்தான்.

ஹந்தானை பஸ் வந்தது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்ணாடியில் படிந்திருந்த ஆவியை உள்ளங்கையால் ஒருமுறை துடைத்தாள். பஸ் புறப்படுவதற்குள் அது மறுபடியும் மூடிக்கொண்டது.