காலையில் மட்டும் கிளம்பாத மொரிஸ் மைனர்

மாயாண்டி மச்சான் தோட்டத்து வேலையாட்களின் செக்றோல் பதிவேட்டிலிருந்து தன் பெயரை வெட்டிக்கொண்டதற்கு நான்தான் காரணம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்ல வாய் வராது.

அவர் என் தங்கை பேச்சியம்மாவின் புருஷன். றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே உள்ள தோட்டத்தில் பதினெட்டு வருசம் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டியவர். பேச்சியம்மா அங்கேயே கொழுந்து பறிக்கிறாள். அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஹட்டனிலிருந்து நான்கு ஆசிரியர்கள் காலை ரயிலில் வந்து இறங்குவார்கள். ஸ்டேஷனிலிருந்து பள்ளிக்கூடம் மூன்று மைல், முழுக்க ஏற்றம். தினமும் ஏற்றி இறக்க ஒரு கார் கிடைத்தால் மாதக் கணக்கில் பேசிக்கொள்ளலாம் என்று அதிபர் குணரத்தினம் சொல்லியிருந்தார். மச்சானுக்கு அதிலே ஆசை விழுந்துவிட்டது. எஞ்சின் செத்துப்போன ஒரு மொரிஸ் மைனரை எங்கிருந்தோ தள்ளிக்கொண்டு வந்து, வட்டவளையில் என் கராஜ் வாசலில் நிறுத்தினார். ஜப்பான் டட்சன் எஞ்சின் ஒன்று கைவசம் இருக்கிறது, அதை இதில் இறக்கித் தருகிறேன் என்றேன். அத்தோடு வாயை மூடியிருக்கலாம்.

"தீப்பொறிக்கு பழைய பொயின்டு வேணாம் மச்சான், பனியில அது மக்கர் பண்ணும். இப்ப எலக்ட்ரோனிக் பெட்டி ஒண்ணு வருது. அதப் போட்டா எந்தக் குளிருலயும் ஒரே சாவியில பத்தும். என்னய நம்பி பேர வெட்டுங்க."

நம்பி வெட்டினார். தோட்டத்தில் ஒரு தடவை பெயர் போனால் திரும்ப ஏறுவது லேசில்லை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

பெட்டியை நானே கொழும்புக்குப் போய்ப் பஞ்சிகாவத்தையில் வாங்கி வந்தேன். கூடவே ஒரு தாள் கொடுத்தார்கள். எறும்பு ஊர்ந்த மாதிரி இங்கிலீஷ் எழுத்து. தாளில் பழுப்பு வயர் என்று போட்டிருந்தது, கையில் இருந்தது சாம்பல் நிறம். மொரிஸில் பெட்டரியின் பிளஸ் காரின் இரும்புக் கூட்டோடு சேர்ந்திருக்கும். ஜப்பான்காரனுக்கு அது மைனஸ். இது தெரியாமல் பெட்டியை எரித்தவர்கள் எத்தனையோ பேர். நான் எரிக்கவில்லை. எல்லாவற்றையும் மாற்றிப்போட்டு, வயர் வயராகப் பார்த்து, இரண்டு நாள் முதுகு ஒடிய வேலை செய்தேன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மச்சான் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே, தகரக் கொட்டிலில் காரை நிறுத்தி, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பிளக்குகளுக்குத் தீயைப் பிரித்து அனுப்பும் டெல்கோவின் மூடியில் என் விரலால் சந்தனப் பொட்டும் வைத்துச் சாவியைத் திருப்பினேன். ஒரே சாவி. லயத்துச் சனம் முழுக்கக் கை தட்டியது. தினமும் முதல் சாவிக்கு முன்னால் இதே மாதிரி சாமி கும்பிட வேண்டும் என்று பேச்சியம்மாவிடம் சொல்லிவிட்டு, மிதப்போடு பஸ் ஏறினேன்.

திங்கட்கிழமை காலை கார் கிளம்பவில்லை.

கராஜுக்கு ஃபோன் வந்து, நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர பத்து மணி. ஆசிரியர்கள் நான்கு பேரும் நடந்தே மேலே போய்விட்டார்கள். பொனட்டைத் திறந்தேன். எப்போதும் போல முதலில் எண்ணெய்த் துணியால் எஞ்சினை ஒரு துடை துடைத்தேன். சாவியைத் திருப்பினேன். ஒரே சாவியில் பற்றிக்கொண்டது. மச்சான் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். சாவி திருப்பத் தெரியவில்லை என்று அவர்மேல் பழியைப் போட்டேன். போகும்போது பேச்சியம்மாவிடமும் எரிந்து விழுந்தேன்.

"ஏனோதானோன்னு கும்பிட்டிருப்ப. சாமி விசயத்துல கஞ்சத்தனம் பண்ணாத."

செவ்வாய்க்கிழமையும் அதே கதை. ஆறரை மணிக்குச் செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் இருமக்கூட இல்லை. பத்து மணிக்கு நான் போய் நின்றால் நல்ல பிள்ளை மாதிரி கிளம்புகிறது. இருக்கும் நோயைப் பார்க்கலாம். நான் போகும்போது இல்லாத நோயை எப்படிப் பார்ப்பது? எர்த் வயரை மாற்றினேன். சாவி சுவிட்சை மாற்றினேன். நான்கு பிளக்கும் புதிதாகப் போட்டேன். அந்த இங்கிலீஷ் தாளைக் கசக்கித் தேயிலைக்குள் எறிந்துவிட்டு, பிறகு நானே இறங்கிப் போய்ப் பொறுக்கி வந்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இருபது வருசத்தில் ஒரு எஞ்சின் என்னை இப்படி ஏய்த்ததில்லை.

புதன்கிழமை, பெட்டிதான் பழுது என்று முடிவுகட்டினேன். மச்சானையே கொழும்புக்கு அனுப்பினேன். கடைக்காரன் பெட்டியைப் பரிசோதித்துப் பார்த்து, இதில் ஒரு குறையும் இல்லை என்று சிங்களத்தில் சிரித்தானாம். மச்சான் விடாமல் கெஞ்சி வேறொன்று வாங்கிக்கொண்டு, மாலை ரயிலில் வந்து சேர்ந்தார். அதையும் பூட்டினேன். ஒரே சாவி. வியாழக்கிழமை காலை மறுபடியும் செத்த பிணம்.

அன்றைக்கு நான் போனபோது அதிபர் குணரத்தினம் இடைவேளையில் கொட்டிலடிக்கு வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், குரலை உயர்த்தவே மாட்டார். சப்பாத்து முழுக்கச் சேறு.

"தம்பி, குறை நினைக்காதையுங்கோ. ரோகினி ரீச்சருக்கு முழங்கால் ஏலாது, நாலு நாளா நடக்கிறா. நாளைக்கும் வராட்டி ஓட்டோவுக்குச் சொல்லிப்போடுவம்."

ஏசியிருந்தால் நானும் நாலு வார்த்தை ஏசியிருப்பேன். அவர் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மச்சான் லயத்துக்கு ஏறிப் போனார். கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குள் அவர் சத்தமும் பேச்சியம்மாவின் அழுகையும் கேட்டன. என்ன ஏதென்று நான் போய்க் கேட்கவில்லை. எனக்கு என் எரிச்சலே போதுமாக இருந்தது. ஆனால் அன்று வட்டவளைக்குத் திரும்பவில்லை. நோய் காலையில் வருகிறது என்றால் காலையில் அங்கே இருக்க வேண்டும். இந்த மண்டைக்கு அது தோன்ற நான்கு நாள் பிடித்தது.

வெள்ளிக்கிழமை ஆறேகால் மணி. கொட்டிலுக்குள் இன்னும் இருட்டு விலகவில்லை, பனி தகரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. பேச்சியம்மா குளித்து, ஈரத் தலையோடு கிண்ணத்தைக் கொண்டுவந்தாள். நான்தான் பொனட்டைத் தூக்கிப் பிடித்தேன். மஞ்சள் தண்ணீரில் கரைத்த சந்தனத்தை மூன்று விரலால் அள்ளி, டெல்கோ மூடியின் உச்சியிலிருந்து, மூடியைப் பிடித்திருக்கும் இரும்புக் கிளிப் வரைக்கும் பட்டையாக இழுத்தாள். மேலே குங்குமம். கண்ணை மூடிக்கொண்டு என்னவோ முணுமுணுத்தாள். மச்சான் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

அப்போது பார்த்தேன். மூடியின் உச்சியிலிருந்து ஒரு நீல நூல் ஈரச் சந்தனத்தின் மேலேயே ஓடி, கிளிப்பில் போய் விழுந்தது. டிக் டிக் டிக் என்று சத்தம் வேறு. பிளக்குக்குப் போக வேண்டிய தீ முழுவதும் பொட்டு வழியாக எஞ்சின் இரும்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

இருபது வருசம் நான் வைத்த பொட்டெல்லாம் ஒரு சின்னப் புள்ளி. பொயின்டு வைத்த பழைய கொயில் தரும் தீயும் சோம்பேறித் தீ, எங்கேயும் தாண்டி ஓடாது. இந்தப் புதுப் பெட்டி தரும் தீ முரட்டுத் தீ. ஈரத்தைக் கண்டால் விடாது. நான் கஞ்சத்தனம் பண்ணாதே என்று சொல்லப்போக, இவள் நாளுக்கு நாள் கூட்டிப் பூசியிருக்கிறாள். பத்து மணிக்கு வந்து நானே அதை எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு, பிறகு நோயைத் தேடியிருக்கிறேன்.

துணியை எடுத்து மூடியை அழுத்தித் துடைத்தேன். மச்சானிடம் திருப்பச் சொன்னேன். ஒரே சாவி. கொட்டில் அதிர்ந்தது.

"என்னா மச்சான் பழுது?" என்று கேட்டார்.

"ஒரு வயரு லூசு," என்றேன். யோசிக்கக்கூட இல்லை. பொய் அதுவாக வந்தது.

அவருக்கு முகமெல்லாம் பல். நேரமாகிவிட்டது என்று காரைப் பின்னால் எடுத்தவர், ஜன்னலால் தலையை நீட்டிப் பேச்சியம்மாவைப் பார்த்து, சாமி கண்ணைத் திறந்துவிட்டது, நாளைக்கு இன்னும் நல்லாப் பூசு என்று சொல்லிவிட்டு இறக்கத்தில் இறங்கினார். என் பொய்க்கு ஆயுசு ஒரு நாள் என்று அப்போதே தெரிந்துபோனது.

பேச்சியம்மா கிண்ணத்தைப் பிடித்தபடி நின்றாள். அழுதுகொண்டே சிரித்தாள். நான் துணியைக் காட்டினேன். மஞ்சளும் சிவப்புமாக இருந்தது. நடந்ததை எல்லாம் சொன்னேன். வைக்கச் சொன்னவன் நான், கூட்டச் சொன்னவன் நான், துடைத்தவனும் நான் என்று சொன்னேன்.

அவள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள்.

"நேத்து அவரு என்னா சொன்னாரு தெரியுமாண்ணே? ஒன் கை வெளங்காத கை, அது பட்டுத்தான் வண்டி கெடக்குதுன்னாரு. நானும் அப்புடித்தான் நெனச்சேன். ராத்திரி பூரா இந்தக் கையத்தான் பாத்துக்கிட்டு கெடந்தேன்."

பெட்டரிப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கத் தெரிந்த வாய் இல்லை என்னுடையது. நாளையிலிருந்து பொட்டை ஸ்டேரிங்கில் வை என்றேன். அவள் அதைக் காதிலேயே வாங்கவில்லை. கிண்ணத்தை என் கையில் திணித்தாள்.

"என்கிட்ட சொன்னது பத்தாதுண்ணே. அவருகிட்ட சொல்லுங்க. லயத்து ஆளுங்க எல்லாரும் இருக்கயில சொல்லுங்க."

சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகாமல், கொட்டில் தூணில் சாய்ந்து நின்றாள். அரை நாள் பெயரும் கூலியும் போனாலும் போகட்டும் என்று நிற்கிறாள். மேல் லயத்தில் ஆட்கள் வேலைக்கு இறங்க ஆரம்பித்தார்கள். கார் என்ன ஆனது என்று கேட்டபடி ஒவ்வொருவராகக் கொட்டிலடியில் நின்றார்கள்.

கீழே ரயில் கூவிப் போனது. சற்று நேரத்தில் ஏற்றத்தில் மொரிஸ் மைனரின் சத்தம் கேட்டது. நான்கு ஆட்களோடு மூன்று மைல் ஏற்றம், ஒரு தட்டல் இல்லை, ஒரு இருமல் இல்லை. என் கையால் பூட்டிய எஞ்சின். வழியில் எங்கேயாவது நின்று தொலையாதா என்று நான் ஆசைப்பட்ட ஒரே எஞ்சின் அதுதான்.

அது நிற்காமல் வந்தது. நான் கிண்ணத்தோடு எழுந்தேன்.