சிவப்புத் திட்டு

பீபிசாரா மண்வெட்டியைப் படுக்கைவாட்டில் பிடித்து மண்ணின் மேல்தோலை மட்டும் சுரண்டினாள். உப்பு பொருக்குப் பொருக்காக உரிந்து வந்தது. வற்றிப்போன அரல் கடல் பக்கமிருந்து அடித்த காற்று அதில் பாதியை முகத்திலேயே அப்பியது. பெண்கள் வரிசையாகக் குனிந்து சுரண்டி, நிரம்பிய சாக்குகளை வடிகால் கரையில் அடுக்கினார்கள்.

"என் கல்யாணத்துக்குக்கூட எனக்கு இப்படித் தேய்ச்சு விடலடி," என்றாள் ஓரின்குல்.

செயற்கைக்கோள் படம் எடுக்கப்போகிறதாம். உப்பேறிய வயல் படத்தில் சிவப்பாக விழுமாம். வயல் முழுக்கச் சிவந்தால் குத்தகை ரத்து என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். ரத்தானால் குத்தகைக்காரர் பெர்தேபாய்க்குப் போவது பருத்தி. பீபிசாராவுக்கு, கூலிக்குப் பதிலாக அவர் பயிரிட்டுக்கொள்ள விட்டிருந்த வயலோரத்து நிலக்கீற்று. வீட்டின் வருஷச் சோளம் முழுக்க அதில்தான்.

படம் வந்தது. எங்கும் பச்சை. பெர்தேபாய் ஆளுக்கொரு பொட்டலம் தேயிலை கொடுத்தார்.

மார்ச்சில் வாய்க்காலில் தண்ணீர் விட்டார்கள். விதைப்புக்கு முன் வயலில் தேக்கி உப்பைக் கழுவி இறக்குகிற தண்ணீர். அது பாயாத மண்ணில் எதுவும் முளைக்காது. பெண்கள் வரப்புக் கட்டிக்கொண்டிருந்தபோது மதகுக்காரன் சாரிபாய் அவர்களுடைய மதகைத் திறக்காமலே தாண்டி நடந்தான்.

"தம்பி, எங்க மதகு இங்க இருக்கு!" என்று பெர்தேபாய் கூப்பிட்டார்.

"பச்சை வயலுக்குத் தண்ணி இல்லண்ணே. இருக்கிறது சிவப்புக்கே பத்தல." கைபேசியில் படத்தைக் காட்டினான். "பாருங்க, புதுமாப்பிள்ளை மாதிரி இருக்கு உங்க வயல்."

"அது சுரண்டி விட்டதுடா!"

"என்கிட்டச் சொன்னீங்க, சரி. ஆபீஸ்ல சொல்லிடாதீங்க." அவன் குரலைத் தாழ்த்தினான். "அடுத்த வாரம் இன்னொரு படம் எடுக்கிறாங்க. ஒரு மூலை சிவந்தாப் போதும், திறந்து விட்டுருவேன். ஒரு மூலைக்காகக் குத்தகையில கை வைக்க மாட்டாங்க."

பெர்தேபாய் வடிகால் கரையைப் பார்த்தார். பிறகு பீபிசாராவைப் பார்த்தார்.

"தங்கச்சி, அந்தச் சாக்கையெல்லாம் உன் கீற்றுல கொட்டு."

"என் கீற்றுலயா? மொத்த வயல் உப்பும் அந்தச் சாக்குலதான் இருக்குண்ணே. பருத்தி நெலத்துலயும் கொஞ்சம் பரப்பினா என்ன?"

"பருத்தி கொறைஞ்சா எவனுக்குப் பதில் சொல்றது? தண்ணி வந்தா எல்லாம் கழுவிட்டுப் போயிரும்."

"போகலைன்னா?"

அவர் சாரிபாயிடம் தீப்பெட்டி வாங்கி சிகரெட்டைப் பற்ற வைத்தார். "கீற்று வேண்டாம்னா சொல்லு. அதைக் கேக்குறதுக்கு வேற ஆள் இருக்கு."

பீபிசாரா ஒரு சாக்கின் முனையைத் தூக்கினாள். ஓரின்குல் வந்து மறுமுனையைப் பிடித்தாள். கொட்டிய உப்பை பீபிசாரா காலால் தள்ளிப் பரப்பினாள்.

"கனமா போடு," என்று கரையிலிருந்து பெர்தேபாய் கத்தினார். "மேலேருந்து பாத்தா தெரியணும்."