எட்டாவது ராஜினாமா

"கையெழுத்தப் போடுதியா, இல்ல இந்த ஞாயித்துக்கெழமையும் வேண்டாம்னு சாமியார்ட்ட போய் நிக்கட்டுமா?"

லூர்தம்மாள் மாதா கோயிலில் கொடுத்த கல்யாண விண்ணப்பப் பாரத்தை மகளின் மடியில் வைத்தாள். தாராவியின் அந்த ஒற்றை அறையில் கோபித்துக்கொண்டு எழுந்து போக இடமில்லை. செல்வமேரி பாரத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். பேனாவைத் தொடவில்லை.

"ரெண்டு தடவ தள்ளிப் போட்டாச்சுளா. மாப்பிள்ள வீட்ல என்ன நெனப்பாவ? பொண்ணுக்கு வேற எங்கயோ மனசுன்னுதான நெனப்பாவ? இப்ப மொத ஓலை வாசிக்கலன்னா தவக்காலம் வந்துரும். பொறவு ஈஸ்டர் கழியுந்தட்டியும் கல்யாணம் கெடையாது."

"ஓலை வாசிச்சா ஆபீசுக்குத் தெரிஞ்சிரும்மா."

"தெரியட்டுமே! கல்யாணம் முடிக்கது களவா?"

"எங்க ஆபீசுல பொம்பளைக்குக் களவுதான்."

மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் உரக்க வாசித்து, தடை இருந்தால் சொல்லுங்கள் என்று ஊரைக் கேட்பதுதான் ஓலை. சேசுராஜுக்கும் செல்வமேரிக்கும் தடை சொல்ல அந்தக் கோயிலில் யாரும் இல்லை. குர்லாவில் பிட்டர் வேலை பார்க்கும் சேசுராஜுக்கு அவள் வேலைக்குப் போவதில் ஒரு வருத்தமும் கிடையாது. வருத்தமெல்லாம் அவளுக்குச் சம்பளம் கொடுக்கும் கம்பெனிக்குத்தான். கல்யாணம் ஆன பெண்ணை அது வேலையில் வைத்துக்கொள்ளாது.

டிராம்பே பக்கம் எழும்பிக்கொண்டிருந்த ஒரு தொழிற்சாலைக்குத் திட்ட அலுவலகம் அது. நான்கு வருஷத்துக்கு முன் செல்வமேரி டைப்பிஸ்டாகச் சேர்ந்தபோது அது சந்தைக்கடையாக இருந்தது. சத்தம் போட்டுக் கூப்பிட்ட என்ஜினீயருக்கு முதலில் டைப் ஆகும். மரியாதையாகக் கேட்டவர் சாயங்காலம்வரை காத்திருப்பார். வரைபடம் ஒருவர் மேஜையில், அதன் கடிதம் இன்னொருவர் மேஜையில். பியூன்கள் நாலு பேரும் ஒரே சாகிபுக்கு டீ வாங்கப் போயிருப்பார்கள்.

போன வருஷம் ஒரு வரைபடம் தொலைந்து, அஸ்திவாரம் இடம் மாறித் தோண்டப்பட்டபோது மேனேஜர் கத்தின கத்தலில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவள் மட்டும் மறுநாள் இரண்டு பக்கம் யோசனை எழுதி அவரிடம் கொண்டு போனாள். டைப்பிஸ்டுகள் எல்லோரும் ஒரே அறையில். வருகிற வேலைக்கு வரிசை எண். ஃபைல்களுக்கு ஒரு ஆள், தபாலுக்கு ஒரு ஆள், பியூன்களுக்கு முறை. ஊழியரைப் பற்றிய எந்த உத்தரவானாலும் காரணத்தோடு எழுத்தில் இருக்க வேண்டும். அதன் நகல் அவரவர் ஃபைலில் சேர வேண்டும். மேனேஜர் படித்துவிட்டு, "செய்" என்றார். ஆறே மாதத்தில் ஆபீஸ் ஆபீஸாயிற்று. வரப்போகும் 1964 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து, டைப்பிஸ்ட், கிளார்க், பியூன் என்று பதினாலு பேருக்கும் அவள்தான் மேற்பார்வையாளர் என்று உத்தரவாகிவிட்டது. தாராவிப் பெண்ணுக்குக் கீழே மாட்டுங்கா பிராமண வீட்டுக் கிளார்க் பஞ்சு உட்கார வேண்டும். இதை ஜீரணிக்க ஹெட்கிளார்க் திருவேங்கடத்துக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

ஊழியர் ஃபைல்களை ஒழுங்கு செய்யும்போதுதான் அவள் அதைக் கண்டாள். ஏழு பெண்களின் ராஜினாமாக் கடிதங்கள். 'குடும்பச் சூழ்நிலை காரணமாக நானே விரும்பி' என்று ஏழிலும் ஒரே வாசகம். தேதியும் கையெழுத்தும்தான் வேறு. எல்லாம் திருவேங்கடத்தின் மேஜை டிராயரில் இருந்த ஒரே நகலைப் பார்த்து அடித்தவை. கல்யாணமானால் பெண் போக வேண்டும் என்று கம்பெனியின் எந்தச் சட்டத்திலும் ஒரு வரி கிடையாது. வழக்கம், அவ்வளவுதான். ஏழாவது கடிதம் பாகீரதியுடையது. அதை டைப் அடித்துக் கொடுத்தவள் செல்வமேரியே. பாகீரதி அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டபோது, தன் கைதானே அடித்தது என்று அவளுக்கு அன்றைக்கு உறைக்கவில்லை. இப்போது நினைத்தாலே வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ஏளா, என்ன சொல்லுத?" என்றாள் லூர்தம்மாள். குரல் இறங்கிவிட்டது. "வேலதான் பெரிசுன்னா சொல்லிரு. நான் அவியகிட்டப் போய்ப் பேசுதேன்."

தாய் கண்ணைத் துடைத்ததைப் பார்த்ததும் செல்வமேரிக்கு ஆத்திரம் வந்தது. தாய்மேல் அல்ல.

"ரெண்டும் வேணும்மா எனக்கு," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

ஞாயிறு ஓலை வாசித்தார்கள். திங்கள் காலை, தபால் பிரிவு தனசீலன் கையில் பேடாப் பொட்டலத்தோடு ஓட்டமாக வந்தான். அவனும் அதே கோயில், பாட்டுக் குழுவில் பாடுகிறவன். நல்லவன். நல்லவர்களுக்கு வாய் மட்டும் நிற்காது.

"அரே மேரியக்கா! நேத்து ஓலை கேட்டம்லா! எல்லாரும் முஹ் மீட்டா பண்ணுங்க, வாய் இனிக்கட்டும், அக்காவுக்குக் கல்யாணம்!"

எட்டு டைப் மெஷின்களும் நின்றன. தனசீலனுக்குத் தான் செய்த காரியம் அப்புறம்தான் புரிந்தது. கையில் பேடாவோடு அப்படியே நின்றான். திருவேங்கடம் தன் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தார். ஒரு பேடாவை எடுத்துக்கொண்டார், மறுக்கவில்லை.

"ரொம்ப சந்தோஷம்மா. சித்த உள்ள வா."

உள்ளே அவர் டிராயரைத் திறந்து அந்த ராஜினாமா நகலை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"வழக்கம் நோக்குத் தெரியும். கல்யாணத் தேதியைப் போட்டு எழுதிக் குடுத்துடு. அந்த சூபர்வைசர் சமாச்சாரத்தைப் பஞ்சு பாத்துப்பான். ஒரு வாரம் அவனுக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போ."

"பஞ்சுவுக்குப் போன மாசம் கல்யாணம் ஆச்சு சார்."

"ஆச்சு. அதுக்கென்ன?"

"கல்யாணம் ஆனதுனால குடும்பப் படி சேத்துக் குடுக்கணும்னு நீங்கதான் உத்தரவு போட்டீங்க. நான்தான் டைப் அடிச்சேன்."

"அவன் புருஷன்மா! குடும்பத்தைக் காப்பாத்த வேண்டியவன். உன்னைக் காப்பாத்த உன் ஆம்படையான் வரப்போறான். இது தண்டனையா? மரியாதை!" அவர் மனசார நம்பித்தான் சொன்னார். அதுதான் கொடுமை. "பாகீரதி எத்தனை நன்னா எழுதிக் குடுத்துட்டுப் போனா!"

"அவ எழுதல சார். அதையும் நான்தான் அடிச்சேன். இத நான் அடிக்க மாட்டேன். எனக்குப் போக விருப்பமில்ல."

திருவேங்கடத்தின் முகம் சிவந்தது. "அப்போ நானே நீக்க வேண்டிவரும். தெரியறதா?"

"நீக்குங்க சார்."

அவள் வெளியே வந்து தன் மெஷினில் தாளைச் செருகினாள். நடுவில் கார்பன் வைத்தாள். அடுத்த மேஜை ஷ்யாமளா தன் வேலையை விட்டுவிட்டு அதையே பார்த்தாள். ஷ்யாமளாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகி மோதிரம் மாற்றிய விஷயம் ஆபீசில் யாருக்கும் தெரியாது.

"டிக்டேட் பண்ணுங்க சார். மேனேஜர் பத்தரைக்கு வந்திருவாவ. கையெழுத்துக்கு ரெடியா இருக்கட்டும்."

எல்லோர் எதிரிலும் பின்வாங்க முடியாமல் திருவேங்கடம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஆரம்பித்தார். பெயர், பதவி, இன்ன தேதியிலிருந்து வேலையிலிருந்து விடுவிக்கப்படுகிறாய் என்பதுவரை அவருடைய ஆங்கிலம் கம்பீரமாக ஓடியது. மெஷினும் கூடவே ஓடியது.

"காரணம் சார்? எந்த உத்தரவுலயும் காரணம் எழுதணும்லா."

"குடும்பச் சூழ்நிலைன்னு போடு."

"அது நான் எழுதிக் குடுத்தாத்தான சார்? இது கம்பெனி எழுதுறது. கம்பெனிக்கு என்ன காரணம்?"

"வேலையில்..." என்று தொடங்கினார். வேலையில் குறை சொல்ல முடியாது. போன மாதம்தான் மேனேஜர் அவளைப் பாராட்டி எழுதியிருந்தார். "நடத்தை..." என்றார். அந்தச் சொல் அவருக்கே கூசியது. நிறுத்திக்கொண்டார்.

"கல்யாணம் பண்ணிக்கிறதுனாலன்னு போடட்டுமா சார்? பஞ்சு உத்தரவுல அப்படித்தான் போட்டோம்."

ஜன்னலோரம் பஞ்சு ஃபைலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். திருவேங்கடம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"சொல்லுங்க சார்," என்றாள் செல்வமேரி. முன்னால் போன ஏழு பேருக்கும் கம்பெனி எழுதித் தராத அந்த ஒரு வரிக் காரணத்துக்காக, விரல்களை எழுத்துகளின்மேல் வைத்துக்கொண்டு அவள் காத்திருந்தாள்.