பூஜ்யம் என்று வைத்துக்கொண்டவன்

1

‘தெரியாது’ என்ற சொல்லை வாழ்நாளில் ஒருமுறைகூடப் பயன்படுத்தாத ஒரே மனிதன், இந்தக் கதையை எழுதுகிறவன்தான். கல்லூரி வாய்மொழித் தேர்வில் கேள்வியே காதில் விழாதபோதும் பதில் சொல்லியிருக்கிறான். பதில் தப்பாக இருந்திருக்கலாம்; இல்லாமல் இருந்ததில்லை. அப்பேர்ப்பட்டவன், கணினிக்குக் கட்டளை எழுதும் ஒரு நிரல்மொழியின் முன்னால் வாயடைத்து நின்றான். கதை பிறந்தது அங்கேதான்.

2

முதல் தொடக்கம்: ‘மருத்துவமனையின் மேல் கருமேகங்கள் சூழ்ந்து...’ (வேண்டாம். அன்று சுள்ளென்று வெயில்.)

இரண்டாவது: ‘ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட ஒரு குழந்தை...’ இது நிற்கட்டும். எடை ஒரு கிலோ இருநூறு கிராம். வார்டில் இருந்த வெப்பப் பெட்டி (இன்குபேட்டர்) பழுது. மாலை நாலு மணிக்குள் புதுப் பெட்டி போய்ச் சேர வேண்டும். அதற்கு நிரல் எழுதியவன், இந்தக் கதையையும் எழுதுகிற நம் ஆள்.

3

அவன் எழுதிய மொழியில் ஒரு விசித்திரம். குழந்தையின் காலில் ஒட்டிய சென்சாரிடம் வெப்பநிலை கேட்டால், எண்ணை அப்படியே தராது. மூடிய டப்பா ஒன்றைத் தரும். உள்ளே எண் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். இருந்தால் என்ன செய்வாய், இல்லாவிட்டால் என்ன செய்வாய், இரண்டையும் எழுதிக் கொடு என்பார் கம்பைலர். நிரலைப் படித்துச் சரிபார்க்கும் மென்பொருள்தான், ஆனால் கறார் பேர்வழி. எழுதாமல் டப்பாவில் கை வைக்க முடியாது.

நம் ஆள் ஒரே வரியில் அவர் வாயை அடைத்தான்: இல்லாவிட்டால் பூஜ்யம் என்று வைத்துக்கொள்.

பரிசோதனைப் பிரிவில் இருந்தவளுக்கு அலுவலகம் வைத்த பெயர் ‘சந்தேகம்’. அவனோடு ஒன்றாகப் படித்தவள்.

“சென்சார்ல ஒண்ணும் வரலன்னா திரைய காலியா விட்டுட்டு அலாரம் அடிக்க வேண்டியதுதானே?”

“‘எனக்குத் தெரியாது’ன்னு சொல்ற மெஷின எவன் நம்புவான்? கௌரவம்னு ஒண்ணு இருக்குல்ல.”

“மெஷினுக்கா, உனக்கா?”

(இந்த இடத்தில் அவளைக் கொஞ்சம் அசடாகக் காட்ட முயன்றான். படியவில்லை.)

4

சோதனைக்காகப் புதுப் பெட்டிக்குள், குழந்தைக்குப் பதிலாக, வெதுவெதுப்பான நீர் நிரப்பிய ரப்பர் கையுறை. அதன் கட்டைவிரலில் சென்சார். எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. சந்தேகம் கையை விட்டுச் சென்சாரைப் பிய்த்தெடுத்தாள்.

திரையில் 0.0. குழந்தை உறைந்துபோனதாக நினைத்துக்கொண்டது பெட்டி. ஹீட்டர் செக்கச்செவேலென்று எரிந்தது. கையுறைக்குள் தனியாகச் செருகியிருந்த தெர்மாமீட்டர் முப்பத்தேழைத் தாண்டியது. முப்பத்தொன்பது. நாற்பத்தொன்று.

“ஆஃப் பண்ணுடி!”

“பண்ணிட்டேன்டா. வார்டுல யாரு பண்ணுவா?”

அவன் கையுறையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டான். (இங்கே ஓர் உவமை இருந்தது. அடித்துவிட்டான்.)

5

அந்த ஒரு வரியை அழித்தான். கம்பைலர் பதினோரு இடங்களைச் சிவப்பில் காட்டினார். அந்தப் பதினோரு இடத்திலும் ‘இல்லை’ வந்து நிற்கலாம். அவன் ஒரே ஓர் இடம் என்றல்லவா நினைத்திருந்தான்!

குழந்தையைக் கண்ணால் பார்த்திராத ஒரு மொழிக்கு, அதன் பிஞ்சுக் காலிலிருந்து சென்சார் நழுவும் என்று எப்படித் தெரிந்தது? தெரியாதுதான். தெரியாமல் போகலாம் என்பது மட்டும் அதற்குத் தெரிந்திருந்தது. அதற்கென்று ஓர் இடத்தையும் ஒதுக்கி வைத்திருந்தது. (இந்த வாக்கியத்தை நாலு முறை திருத்தியாயிற்று. வியப்பு மட்டும் திருந்த மாட்டேன் என்கிறது.)

பதினொன்றுக்கும் உட்கார்ந்து பதில் எழுதினான். சந்தேகம் மறுபடி பிய்த்தாள். எண் மறைந்தது, ஹீட்டர் அணைந்தது, அலாரம் கட்டடத்தையே எழுப்பியது. யாரோ பெரியவர் எதிரே வந்ததுபோல, அவன் தன்னையறியாமல் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றான்.

பெட்டி மூன்றே முக்காலுக்கு வண்டி ஏறியது.

6

முடிவு (அ): பத்தாம் நாள், குழந்தை ஒன்றரைக் கிலோ.

முடிவு (ஆ): அன்று மாலையே...

எது உண்மை என்று கேட்க வார்டுக்குப் போன் செய்தான்.

“நீங்க குழந்தைக்கு யாரு சார்?” என்றார் நர்ஸ்.

“பெட்டிக்கு வேண்டியவன்.”

“குழந்தைக்கு வேண்டியவங்ககிட்டதான் சொல்லுவோம்.” போன் வைக்கப்பட்டது.

(அ)வையும் (ஆ)வையும் அழித்தான். அந்த இடம் காலியாக இருக்கிறது. ‘நலம்’ என்று நீங்களாக நிரப்பிவிட வேண்டாம். இரண்டுக்கும் தயாராக இருங்கள்.

சந்தேகம் வந்து மேசையோரம் நின்றாள். “குழந்தை எப்படிடா இருக்கு?”

வாய்வரை ஒரு பதில் வந்தது, வழக்கம்போல.

“தெரியல” என்றான்.