உறுமல் நின்ற பிறகு

1

இந்தக் கதை, இதய மருத்துவரான என் நாத்தனார் வாயிலிருந்து விழுந்தது. "அண்ணி, நெஞ்சுல கேட்ட சத்தம் நின்னுட்டா எல்லாரும் சந்தோஷப்படுறாங்க. எனக்கு அப்பத்தான் பயமே" என்றாள். குடும்பக் காதல் கதை எழுதுகிறவளுக்கு இது போதாதா?

2

முதல் தொடக்கம்: வாஷிங் மெஷின் மெக்கானிக் ஒருவன், தன் மனைவியின் நெஞ்சில் காதை வைத்து...

(அடித்துவிட்டேன். சோப்பு விளம்பரம் மாதிரி இருந்தது.)

இரண்டாவது: ஞாயிறு மதியம். அவள் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள். அவன் காதை வைக்கிறான். சுருங்கிப்போன வால்வு வழியே ரத்தம் முண்டியடிக்கும் அந்த மெல்லிய உறுமலைக் கேட்டால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். இன்று அது இல்லை.

"ஏய், உன் மெஷின் சத்தமே போடல! தானா ரிப்பேர் ஆயிடுச்சு."

"நிஜமாவா?"

"என் தொழில்ல சத்தம் வந்தாத்தான்டி கோளாறு. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேணாம்."

"மாடி ஏறினா மூச்சு..."

"உடம்பக் குறை."

* அடிக்குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்: வால்வு சுருங்கி, பின்னால் தேங்கும் ரத்தம் நுரையீரலில் அழுத்தத்தை ஏற்றிவிட்டால், இதயத்தின் வலப்பக்கம் களைத்துப்போகும். ஓட்டம் குறையும். உறுமுவதற்குக்கூட ரத்தம் போதாது. அந்த அமைதிதான் இது.

3

அவளைப் பேசவைக்கப் பார்த்தேன். என் கதாநாயகிகள் எல்லாரும் வாயாடிகள். இவளுக்கு மட்டும் எவ்வளவு நீளமாக எழுதிக் கொடுத்தாலும், "எனக்கென்னவோ..." என்பதோடு நின்றுவிடுகிறது. [நிறுத்தியது நானில்லை.]

அவன் காதைச் சற்று மேலே நகர்த்துகிறான்.

"இங்க ஏதோ டப்பு டப்புன்னு... உள்ள யாரோ கதவை அறைஞ்சு சாத்துற மாதிரி இருக்கு."

இந்த வரியை நான் எழுதிய நினைவே இல்லை. நாத்தனாருக்குப் படித்துக் காட்டினேன்.

"நுரையீரலுக்குப் போற வழியில இருக்கிற வால்வு மூடுற சத்தம் அண்ணி. அங்க அழுத்தம் ஏறினா அப்படித்தான் அறையும். உங்களுக்கு யார் சொன்னா?"

4

முடிவு (அ): மறுநாள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், டாக்டர்கள் வால்வை விரித்துவிடுகிறார்கள், சுபம். எழுதிப் பார்த்தேன். ஆட்டோவில் அவன் மட்டும்தான் ஏறுகிறான்.

முடிவு (ஆ):

(இதை எழுத மாட்டேன்.)

ரிப்பேர் ஆகிவிட்டது என்ற நிம்மதியில் அவன் தூங்கிவிட்டான். அவள் கண் விழித்திருக்கிறாள்.

"ஏங்க... யாரோ கேட்டுக்கிட்டு இருக்காங்க."

"நாந்தான்டி," தூக்கத்திலேயே முனகுகிறான்.

"நீங்க இல்ல. உங்களுக்குத்தான்... ஒண்ணும் தெரியாதே. இவங்களுக்கு... தெரியும்."

அடிக்குறிப்பைப் படித்த நீங்கள் இருக்கும் பக்கமாகத் திரும்புகிறாள். அடுத்த மூச்சுக்காகக் காத்திருக்கிறாள். என் வரிகள் இனி அவளிடம் எடுபடாது.

அவனை நீங்கள்தான் எழுப்ப வேண்டும்.