பேர் வைக்காத நாய்க்குட்டி

நாய் என்றாலே தபால்காரருக்கு ஆகாது. அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது. தெருத்தெருவாக நடந்து கடிதம் கொடுத்த காலம் முழுக்க, அந்த ஊர் நாய்கள் எல்லாமே ஒரு தடவையாவது அவரை விரட்டிப் பார்த்திருக்கின்றன. அவரிடம் இருந்த கால்சட்டைகளில் ஒட்டுப் போடாத கால்சட்டை குறைவு. போன மாதம் பதவி உயர்வு கொடுத்துக் கவுண்டரில் உட்கார வைத்தபோது, "இனி நாய்த் தொல்லை விட்டது" என்று எல்லோரும் கை குலுக்கினார்கள். அவரும் சிரித்து வைத்தார். முத்திரை குத்தும்போது மேஜைக்கு அடியில் அவருடைய கால் இரண்டும் தானாக ஆடிக்கொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை. வீடே உச்சி குளிர்ந்து கிடக்கிறது. அந்த நேரத்தில், மனசு இன்னும் தெருவில்தான் நடக்கிறது என்று எந்த வாயால் சொல்வது?

அந்த வீட்டுக்குத்தான் மகள் ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பேர். நாய்க் காப்பகத்துக்காரி ஒரு வாரம் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தாளாம்.

கலப்பு என்றால் அப்படியொரு கலப்பு. ஒரு காது நின்றது, இன்னொன்று படுத்தது. உடம்பு ஓர் அளவு, கால்கள் வேறு அளவு. மிச்சம் மீதியை வைத்து யாரோ அவசரமாகச் செய்து முடித்த மாதிரி இருந்தது.

"என்ன இனம் இது?" என்றார் தபால்காரர்.

"அம்மா ஆடு மேய்க்கிற இனம்ப்பா. அப்பா யாருன்னு தெரியலையாம். ஓடிப்போயிடுச்சாம்."

"இதுக்கு அப்பன் புத்திதான் வந்திருக்கு" என்றாள் மனைவி. குட்டி அதற்குள் சோபாவைப் பல சுற்று சுற்றி முடித்திருந்தது.

மனைவிக்கு ரொட்டிக்கடை அடுப்பில் வேலை. விடியுமுன் போனால் மதியம் தலையெல்லாம் மாவோடு வந்து, அப்படியே படுக்கையில் விழுவாள். வக்கீலுக்குப் பள்ளிக்கூடம், அதை விட்டால் வகுப்பு, அதையும் விட்டால் பரீட்சை. ஆளுக்கொரு பக்கம் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடுகிற வீடு. தபால்காரர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"வாரம் முடியிற வரைக்கும் பேர் வைக்கக் கூடாது. வெச்சுட்டா அப்புறம் அனுப்ப மனசு வராது."

பேர்தான் வைக்கவில்லையே தவிர, நாள் முழுக்க அதனோடு பேச்சுதான். செருப்பைக் கவ்வினால் "வேணாம்." திரைச்சீலையைப் பிடித்துத் தொங்கினால் "வேணாம்." மனைவியின் தலையணையைப் பிரித்துப் பஞ்சைப் பறக்கவிட்டபோது "வேணாம் வேணாம் வேணாம்." வக்கீலின் கணக்குப் புத்தகத்தில் முக்கோணங்களை மட்டும் தின்றுவிட்டு வட்டங்களை விட்டுவைத்தது. அதற்கும் அதே "வேணாம்"தான், கொஞ்சம் அழுகையோடு.

ஓட விடாவிட்டால் குட்டி வீட்டைத் துவம்சம் செய்துவிடும் என்று சீக்கிரமே புரிந்துவிட்டது. வெளியே கூட்டிப் போக முறை வைத்தார்கள். வக்கீலுக்குப் படிப்பு, மனைவிக்குத் தூக்கம், கடைசியில் இரண்டு வேளையும் தபால்காரர் தலையில் விடிந்தது. "என் தலையெழுத்து" என்று முனகிக்கொண்டே கயிற்றைப் பிடித்தார். முதலில் தெருமுனை வரைக்கும். பிறகு பூங்கா. பிறகு, குட்டி இழுத்ததா இவர் இழுத்தாரா தெரியாது, இருவரும் அவருடைய பழைய தெருக்களில் போய் நின்றார்கள்.

தையல்கடைக்காரர் தைப்பதை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். "ஆளையே காணோமே? புதுசா வர்றவரு கடிதத்தை வீசிட்டுப் போயிட்டே இருக்காரு. நின்னு ரெண்டு வார்த்தை பேசறதில்ல."

நீலக் கேட் வீட்டு முரட்டு நாய் வழக்கம்போலப் பாய்ந்தது. இந்தத் தடவை பதிலுக்குக் குரைக்க இவர் பக்கம் ஓர் ஆள் இருந்தது. தபால்காரருக்கு ஒரே பெருமை. மறுநாள் கவுண்டரில் கால்கள் ஆடாமல் இருந்தன. அதை அவர் மட்டும் கவனித்தார்.

வாரக் கடைசியில் காப்பகத்துக்காரி வந்து உட்கார்ந்தாள். குட்டி அவளுடைய ஷூ நாடாவைக் கடிக்கப் போய்விட்டது.

"இது துறுதுறுன்னு ஓடுற குட்டி. உங்களுக்குச் சரிப்படுமான்னு பாசத்தை ஓரமா வெச்சுட்டுச் சொல்லுங்க. வளர்ந்தப்புறம் திருப்பிக் கொடுத்தா அதுக்குத்தான் கஷ்டம்."

மனைவி முதலில் பேசினாள். "எனக்கு ஆசைதாங்க. ஆனா வேலை முடிஞ்சு வர்றப்போ நிக்கக்கூடத் தெம்பு இருக்காது. மனசறிஞ்சு சொன்னா… வேணாம்."

நாடாவை விட்டுவிட்டு ஒரே பாய்ச்சலில் குட்டி அவள் முன்னால் வந்து உட்கார்ந்தது. வால் தரையைப் பெருக்கியது.

வக்கீல் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் வாதாடாமல் பேசியது அன்றுதான். "நான்தான் கொண்டுவந்தேன். ஒரு நாள்கூட நான் கூட்டிட்டுப் போகல. இந்தப் பரீட்சை முடிஞ்சா அடுத்த பரீட்சை வரும். அதனால வேணாம்."

குட்டி அவள் மடிமேல் முன்னங்கால்களைத் தூக்கி வைத்தது.

"கூப்பிட்ட உடனே வருதே. பேர் வேடிக்கையா இருக்கு, யார் வெச்சது?" என்றாள் காப்பகத்துக்காரி.

"பேரே வைக்கலைங்க" என்ற மனைவி, விஷயம் உறைத்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வக்கீலும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். பிறகு மூவரும் தபால்காரரைப் பார்த்தார்கள். அவர் பதில்தான் ஊரறிந்த பதிலாயிற்றே.

"வேணாம்" என்று சொல்லத்தான் வாயெடுத்தார். சொன்னால் குட்டி வாலை ஆட்டிக்கொண்டு அவரிடமும் ஓடி வரும். அதன் பேரைச் சொல்லியே அதை வெளியே அனுப்புவதா? நாளையிலிருந்து கவுண்டர், கவுண்டர் விட்டால் சோபா.

"காலையிலயும் சாயங்காலமும் நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

"உங்களுக்குத்தான் நாயே ஆகாதே?" என்றாள் மனைவி.

"நாய் ஆகாதுதான். உட்கார்ந்தே இருக்கறது அதைவிட ஆகல. தெருவுல நடக்காம எனக்கு என்னவோபோல இருக்கு. ஒரு மாசமாச் சொல்லணும்னு பார்க்கறேன்."

மனைவி அவரையே பார்த்தாள். "இதை எங்கிட்டச் சொல்ல ஒரு நாய்க்குட்டி வர வேண்டியிருந்துச்சா?"

"முடிவாச் சொல்லுங்க சார்" என்றாள் காப்பகத்துக்காரி.

"வேணும்" என்றார் தபால்காரர்.

குட்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுபடி ஷூ நாடாவுக்குப் போய்விட்டது. அவர் எழுந்து, ஆணியில் தொங்கிய கயிற்றை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தார்.

"வேணாம், வா போகலாம்."

அவருக்கு முன்னால் அது தெருவில் நின்றது.